கதவுக்கு உள்ளேயிருந்து எழுது

பூம்புகார்

அன்புள்ள நிலா,

நீ அனுப்பிய கதை அத்தியாயங்களை ஒரே மூச்சில் படித்தேன். கடலடியிலிருந்து பேய்ப்படை எழும் இடத்தைப் படித்தபின் விளக்கை அணைக்க மனசு வரவில்லை. அப்பாவிடம் சொல்லாதே, சிரிப்பான்.

உன் நீலக்கச்சை வீரர்கள் எந்த வீட்டுக் கதவையும் தட்டிப் பிள்ளையைக் கொண்டுபோகலாம், ராஜாகூடத் தடுக்க முடியாது. அந்த அதிகாரம் இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். எடுத்துவிடு என்பேன். வைத்துத்தான் தீருவேன் என்றால், கதவுக்கு உள்ளேயிருந்து எழுது.

சிலப்பதிகாரத்தில் நம் ஊர் நாளங்காடி பூதத்தின் பலிபீடத்துக்கு மருவூர்ப்பாக்கத்து வீரரும் பட்டினப்பாக்கத்துப் படையினரும் முந்திக்கொண்டு போய், சோழன் வெல்லத் தங்கள் தலையைத் தாங்களே கொடுக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை ஒன்றும் கிடையாது, உடம்புதான் கூசுகிறது. ஆனாலும் கத்தி அவரவர் கையில் இருக்கிறது. உன் வீரர்களின் கம்பீரம் இவர்களிடம் கடன் வாங்கியது. செய்கிற வேலையோ பிள்ளைபிடி.

கோபத்தில் சொல்லவில்லை. கோடியக்கரைக்கு எதிர்க்கரையில், இலங்கையில், பிள்ளைபிடி அன்றாடப் பேச்சாக இருந்தது. இந்திய அமைதிப்படை கிளம்பும் சமயம், 1989-90இல், தமிழ்த் தேசிய ராணுவம் என்ற படைக்கென்று பையன்களை வீதியிலேயே பிடித்தார்கள். பிறகு புலிகள். தாமாகவே போய்ச் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்த இயக்கம் அது, அதை மறைக்கக் கூடாது. 2003இல் யூனிசெஃபோடு போட்ட செயல்திட்டத்தில் சிறுவர்களைச் சேர்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள், சேர்ப்பது நிற்கவில்லை. அப்புறம் அவர்கள் கையிலிருந்த வன்னியில் வீட்டுக்கு ஒருவர் கட்டாயம். போர் நெருங்க நெருங்க அந்த ஒன்றும் ஒன்றாக நிற்கவில்லை.

கல்யாணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்றதும், படிக்கிற வயதுப் பிள்ளைகளுக்கு அவசரத் தாலி. கொஞ்ச நாளில் தாலி கட்டியவர்களையும் கூப்பிட்டார்கள். பிள்ளையைக் குழிக்குள் ஒளித்துவைத்த வீடுகள் உண்டு. படையிலிருந்து ஓடிவந்தவனுக்குப் பதிலாகக் கூடப்பிறந்ததைப் பிடித்துப்போனார்கள். வன்னியை விட்டு ஒருவர் வெளியே போகப் புலிகளின் பாஸ் வேண்டியிருந்தது. திரும்பி வருவதற்குப் பிணையாக வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டியிருந்தது.

துருக்கி சுல்தான்கள் பால்கன் கிராமங்களில் கிறிஸ்தவப் பையன்களை எடுத்து ஜானிஸரிப் படை கட்டினார்களே, அங்கேயும் ஒற்றைப் பிள்ளைக்கும் மணமானவனுக்கும் விலக்கு. அங்கேயும் பெற்றவர்கள் சின்ன வயதிலேயே கல்யாணத்தை முடித்துவைத்தார்கள். வன்னிக்காரருக்குப் பால்கனை யார் சொல்லிக்கொடுத்தது? எடுத்துப்போன பையன்களில் ஒருவன், சோகொல்லு மெஹ்மத், தலைமை அமைச்சரே ஆனான். உன் கதாநாயகனுக்கும் அதுதானே யோகம். ஆனால் அந்தப் படை பிற்பாடு சுல்தான்களையே இறக்கியது, ஏற்றியது. 1826இல் இரண்டாம் மஹ்மூத் பீரங்கி வைத்துத்தான் அதை ஒழிக்க வேண்டியிருந்தது.

பேய் வருகிறதே அத்தை, வேறு வழி என்ன என்பாய். ஊருக்கு ஆபத்தென்றால் அரசு ஆள் எடுப்பது எனக்கும் புரிகிறது. அங்கே கணக்குக் கேட்க ஒரு சபை, முறையிட ஓர் இடமாவது இருக்க வேண்டும். உன் படைக்கு மேலே ஒருவருமில்லை. பேய் வராத வருஷத்தில் அந்த அதிகாரத்தை யார் திருப்பி வாங்குவது? பட்டியல் எழுதுகிறவன் மிராசுதார் வீட்டு வாசலில் நிற்பானா, நேரே கூலிக்காரத் தெருவுக்குப் போவானா?

இன்னொன்று. நீ எடுக்க வைக்கிற பிள்ளைகள் எல்லாரும் அநாதைகள். உனக்கு வசதி, அழ ஆளில்லை. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஏமாற்று. அடுத்து அவர்கள் தட்டுகிற வீட்டில் இரண்டு பெண்ணும் ஒரு பையனும் இருக்கட்டும். யார் போவதென்று அம்மாவே சொல்லட்டும். அதை எழுதிவிட்டு அதிகாரத்தை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்.

சித்திரைப் பௌர்ணமிக்கு இந்திர விழா. லீவு போட்டுவிட்டு வா, மிச்ச அத்தியாயங்களையும் எடுத்து வா. கண் சரியில்லை, எழுத்தைப் பெரிதாக அச்சடி.

அன்புடன்,
அத்தை