மூண்டு லொறி, ஒரே விலை

நூல் வெளியீடுகளுக்குப் போய்ப் பழகின ஆக்களுக்குத் தெரியும், எங்கட பக்கத்தில் அது ஒரு சடங்கு. விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, ஏற்புரை. முதற்பிரதி வாங்குபவர் என்வலப்புக்குள் காசு வைத்துத் தருவார். மதிப்பீட்டுரை செய்பவர் நூலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார். 2025 பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளிநொச்சியில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில், நாங்களும் இதில் பாதியை வெட்டிப்போட்டு மிச்சத்தைச் செய்தோம். ஆசியுரை இல்லை, பொன்னாடை இல்லை. என்வலப்பை மட்டும் விட்டுவைத்தோம். அச்சகத்துக்குக் காசு குடுக்க இருந்தது.

சந்தைப் போட்டியையும் பெரிய கம்பனிகளின் அதிகாரத்தையும் பற்றி நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து எழுதின புத்தகம் அது. ஒரு வருசமாக எழுதினதை விடச் சண்டை பிடித்ததுதான் கூட. உயர்தரத்தில் பொருளியல் படித்த எல்லாருக்கும் 'நிறைபோட்டி' ஞாபகம் இருக்கும். வாங்குபவரும் பலர், விற்பவரும் பலர், தனி ஒருவரால் விலையைத் தீர்மானிக்க ஏலாது. படம் கீறிப் புள்ளி எடுத்தோம். அப்படியொரு சந்தையை நேரில் கண்டதில்லை. புத்தகம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

எங்களுக்குப் பிடித்த அத்தியாயம் கைத்தொலைபேசி பற்றியது. 2018 வரைக்கும் இலங்கையில் ஐந்து கம்பனிகள் இருந்தன. அந்த வருசம் எடிசலாற்றை ஹட்ச் எடுத்தது. 2024இல் எயார்டெல்லை டயலொக் எடுத்தது. மொபிடெல்லையும் சேர்த்து இப்ப மூன்று. இதை எழுதப் போய்த்தான் சட்டத்தைத் தேடி வாசித்தோம். 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில், ஒரு கம்பனி இன்னொன்றை விழுங்குவதை விசாரிக்க இடம் இருந்தது. 2003இல் அதை நீக்கிவிட்டுப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் அந்த இடம் இல்லை. தொலைத்தொடர்புக்கென்றாவது தனியாக ஓர் ஆணைக்குழு இருக்கு. பல துறைகளுக்கு அதுவும் இல்லை. அதிகாரசபை என்றால் எங்கட சனத்துக்குத் தெரிந்தது, அரிசிக்கு உச்ச விலை போட்டுக் கடைக்காரரைப் பிடிக்கிற ஆக்கள், அவ்வளவுதான்.

பிறகு அமெரிக்கா. 1911இல் உச்ச நீதிமன்றம் உடைக்கச் சொல்லி 34 கம்பனிகளான ஸ்ராண்டர்ட் ஒயில். அதற்கு மட்டும் 11 பக்கம் குடுத்திருந்தோம். எழுதும்போது நல்ல பெருமையாக இருந்தது.

கேள்வி நேரத்தில் ஓர் ஐயா எழும்பினார். மைக்கை வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கதைத்தார்.

"பிள்ளையள், நல்ல விசயம் செய்திருக்கிறியள். ஆனா முழுக்க வாங்கிற ஆக்களின்ர பிரச்சினையாத்தானே கிடக்கு. சாமான் விலை கூடுது, டேற்றா விலை கூடுது எண்டு. நாங்கள் விக்கிற ஆக்கள். எங்களுக்கு விலை குறையுறதெல்லோ பிரச்சினை. அது எத்தினையாம் பக்கத்தில இருக்கு?"

இல்லை. ஒரு பக்கத்திலும் இல்லை. "அடுத்த பதிப்பில சேர்ப்பம் ஐயா" என்று சொன்னோம். சபை சிரித்தது. நாங்களும் சிரித்தோம், வேறென்ன செய்யிறது.

எங்களில் ஒருத்தியின் வீடு பரந்தனில். அவளின் அப்பா நெல் விதைக்கிறவர். அந்த நேரம் அவர் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தார்.

ஏன் எழுதவில்லை என்று அன்றைக்கு நிறைய யோசித்தோம். நாங்கள் வாசித்ததெல்லாம் ஆங்கிலத்தில் வந்த கட்டுரைகள். அதில் கூகிள் இருக்கும், அமேசன் இருக்கும். அதைச் 'சந்தை' என்று விளங்கிக்கொண்டோம். வீட்டில் நடக்கிறதைக் 'கஷ்டம்' என்று மட்டும் விளங்கி வைத்திருந்தோம். கொள்வனவு செய்பவரின் பக்கத்தில் அதிகாரம் குவிந்த சந்தைக்கு, ஜோன் றொபின்சனின் 1933ஆம் ஆண்டு நூலின் வழியாகப் பொருளியலில் ஒரு பெயரே இருக்கு. அந்தப் பெயரும் எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. அதை அப்பாவின் வயலோடு ஒரு நாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பின்னேரம் பரந்தன் வீட்டில் பிளேன்ரீ குடிக்கும்போது கேட்டோம். அப்பா ஒரு பாடம் மாதிரிச் சொன்னார். முந்தி அரிவு வெட்டிச் சூடு வைக்கிற காலத்தில் நெல் ஆறுதலாக வரும். இப்ப மெசின் இறங்கினால் எல்லாருடைய நெல்லும் ஒரே கிழமையில் வரும், ஈரத்தோடு வரும். காயப்போடத் தளம் இல்லை, றோட்டுக்கரைதான். வைத்திருக்கக் களஞ்சியம் இல்லை. பசளைக் கடைக்காரனுக்கும் அடகுக் கடைக்கும் அதே கிழமையில்தான் காசு கட்ட வேணும்.

அரசாங்கம் 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று அறிவித்ததுதானே என்று கேட்டோம். "அதுக்கு ஈரம் நூற்றுக்குப் 14 இருக்கோணும் பிள்ளை. மெசினால வாற நெல்லு அதுக்கு எங்க நிக்கும்?" என்றார். ஆகவே வயல் வரம்புக்கு வருகிற லொறிதான் கதி. நெல் சந்தைப்படுத்தல் சபைச் சட்டம் வந்தது 1971இல். அவருக்கு அப்போது ஏழு வயது.

"லொறி நிறைய வருந்தானே அப்பா? ஒருத்தன் குறைச்சுக் கேட்டா மற்றவனுக்குக் குடுக்கலாமே?" புத்தகம் எழுதின ஆக்கள் நாங்கள் கேட்ட கேள்வி அது.

"மூண்டு லொறி வந்தது. மூண்டும் ஒரே விலை."

கணக்கு ஏதும் இருக்கா என்று கேட்டதற்கு, உள்ளே போய் ஒரு சிகரட் பெட்டி மட்டையைக் கொண்டுவந்தார். நீலப் பேனையால் மூட்டைகளின் எண்ணிக்கை, மூட்டைக்கு ஈரத்துக்கென்று கழித்த கிலோ, சாக்குக்கென்று கழித்தது, மிச்சம். லொறி நம்பர் கூட எழுதியிருந்தது. அதைப் போனில் படம் எடுத்தோம். போன வருசத்து மட்டைகளும் சாமியறை லாச்சிக்குள் கிடக்க வேணும் என்றார் அம்மா. தேடித் தரச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.