ஊசுட்டேரி

புதுவை நகருக்கு மேற்கே, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் ஊசுட்டேரி அமைந்துள்ளது. நகரின் ஆரவாரம் தேய்ந்து மறைய, வயலும் தோப்பும் இருமருங்கும் விரிய, மரநிழலினூடே செல்லும் வழி காண்பார் உள்ளத்தைக் குளிர்விப்பது. பச்சைத் திரையை விலக்கினாற் போலத் திடீரென்று ஏரி கண்முன் தோன்றும். கரையில் ஏறி நிற்பவர் நெடுநேரம் வாய் பேசார்.

இது இயற்கை தந்த நீர்நிலை அன்று; மக்கள் மண் சுமந்து கரை கட்டி ஆக்கிய ஏரி. இதன் பரப்பு சுமார் 800 எக்டேர். ஒரு பாதி புதுவை மாநிலத்திலும் மறுபாதி தமிழ்நாட்டிலும் கிடக்கின்றன. வரைபடத்தில் எல்லை உண்டு. நீருக்கோ எல்லை ஏது? புதுவை வட்டாரத்தில் உள்ள 84 ஏரிகளுள் ஊசுட்டேரியே மிகப் பெரியது. அடுத்தது பாகூர் ஏரி. சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரியை அடைகிறது. வடகிழக்குப் பருவமழை நன்கு பொழிந்தால் ஏரி நிறையும். பொய்த்தால் தரை வெடிக்கும்.

ஏரி நிறைந்ததும் பறவைகள் வரத் தொடங்கும். நெடுந்தொலைவு கடந்து வடபுலத்திலிருந்து ஊசிவால் வாத்துகள் வரும். நாமக்கோழிகள் கூட்டங்கூட்டமாய் நீந்தும். கூழைக்கடா தன் பெரும் பையால் மீனை வாரும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவே சற்றே பிளந்திருக்கும். நத்தையைப் பற்ற அது துணை செய்கிறது. வயலில் இறங்கி நத்தைகளை உண்ணும் இந்நாரை உழவனின் நண்பன் அன்றோ! இப்பறவைகளைக் காக்கக் கருதிப் புதுவை அரசு 2008-ஆம் ஆண்டில் தன் பகுதி ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

ஏரியின் பயன் கண்ணுக்கு இனிமை தருவதோடு நின்றுவிடுவதில்லை. தேங்கிய நீர் மெல்ல மண்ணுள் இறங்கிச் சுற்றியுள்ள கிணறுகளை ஊறச் செய்கிறது. புதுவை மக்கள் பெரும்பாலும் நிலத்தடி நீரையே பருகி வருகின்றனர். கடலோர ஊர்களில் அந்நீரை அளவின்றி இறைத்தால் உப்புநீர் உட்புகும். ஆகவே ஏரி நிறைந்திருத்தல் நகரத்தார்க்கும் காப்பாகும்.

ஓய்வு நாள்களில் மக்கள் குழந்தைகளுடன் இங்கு வருவது இயல்பே. படகில் செல்லவும் கரையில் அமர்ந்து உண்ணவும் யார்தாம் விரும்பார்? சுற்றுலாத் துறையினரும் முன்னரே இங்குப் படகுத்துறை அமைத்தனர். ஆனால் இயந்திரப் படகின் முழக்கம் எழுந்தால் உறங்கும் வாத்துகள் ஒருசேர எழுந்து பறக்கும். நெடும்பயணத்திற்குச் சேர்த்து வைத்த வலிமை வீணாகும். எறியப்பட்ட நெகிழிப் பை நீரில் மிதக்கும். விருந்தினராய் வந்தவர், முன்பே வந்திருக்கும் விருந்தினரை விரட்டுவது முறையாகுமா?

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்களின் செயல் இங்கு நினைக்கத்தக்கது. பறவைகள் அஞ்சும் என்று அவர்கள் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிவர். காத்தலும் பயன் பெறுதலும் வெவ்வேறல்ல என்பதே அவர்கள் கண்ட உண்மை.

ஊசுட்டேரிக் கரைக்குச் செல்வோர் ஓசையைக் குறைத்து, கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். முன்னோர் கட்டிய கரையைக் காப்பது பொறியாளர் கடமை. கரைக்குள் வாழும் அமைதியைக் காப்பது நம் அனைவர் கடமை.