பசுமலையிலிருந்து இரண்டு நாள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளின் வாயில் முதலில் பிறக்கும் கேள்வி, ‘எங்கே போகிறோம்?’ என்பது. பெற்றோரின் நெஞ்சில் முதலில் எழும் கேள்வியோ, ‘எவ்வளவு செலவாகும்?’ என்பது. இவ்விரு கேள்விகளுக்கும் நடுவே எத்தனையோ குடும்பங்களின் மே மாதம் வீட்டுக்குள்ளேயே கழிந்து விடுகிறது. சென்ற ஆண்டு எங்கள் இல்லத்திலும் அவ்வாறே கழிந்திருக்கும். அது கழியாமற் போனதற்குக் காரணம் என் தாயார்.

எங்கள் வீடு பசுமலையில் இருக்கிறது. மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில், சிறு குன்றொன்றின் அடிவாரத்தில் அமைந்த ஊர் இது. மதுரையை அழிக்க ஏவப்பட்ட மாயப் பசு மலையாகிக் கிடப்பதாகத் திருவிளையாடற் புராணம் இவ்வூரின் பெயருக்குக் கதை சொல்லும். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த சகோதர சபையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்குக் கல்விக்கூடங்களை நிறுவினர். இன்று வைகையின் வடகரையில் விளங்கும் அமெரிக்கன் கல்லூரி 1881-இல் இப்பசுமலையில்தான் பிறந்தது. இத்தனை பழைமை உடைய ஊரில் குடியிருந்தும், ‘நம் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?’ என்று கேட்கும் பிள்ளைகளை வளர்த்தவன் நான். குறை அவர்களுடையதன்று.

சென்ற ஆண்டு என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, வெளியூர்க் கல்லூரியொன்றில் இடம் பெற்றாள். ஜூன் மாதம் விடுதிக்குச் சென்றாக வேண்டும். கல்லூரிக் கட்டணத்துக்காக மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. இந்நிலையில் ஏழாம் வகுப்பு முடித்த மகன், “கொடைக்கானல் போகாவிட்டால் நான் எங்கும் வர மாட்டேன்” என்று முகத்தைத் திருப்பிக் கொண்டான். கொடைக்கானல் எங்களுக்கு ஏறத்தாழ நூற்றிருபது கிலோ மீட்டர். மலையேறும் வாகனங்களின் நெருக்கடியைக் குறைக்க உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதத்தில் அனுமதிச் சீட்டு முறையே கொண்டுவர வேண்டியதாயிற்று. மே மாதத்து அறை வாடகையைக் கேட்ட மாத்திரத்தில் நான் வாயடைத்துப் போனேன். மூட்டு வலியுள்ள என் தாயாரோ நெடுந்தூரப் பயணம் தாங்கார்.

அப்போதுதான் தாயார் சொன்னார்: “பிள்ளை வீட்டை விட்டுப் போகப் போகிறாள். எந்த ஊருக்குப் போகிறோம் என்பதா இப்போது பெரிது? எல்லாரும் ஒன்றாய்ப் போகிறோமா என்று பாரப்பா.”

அச்சொல் என்னைச் சுட்டது. அன்றிரவே ஒரு தாளை எடுத்து, வீட்டிலிருந்து அரை நாளில் சென்று திரும்பக்கூடிய இடங்களையும் நிகழ்ச்சிகளையும் எழுதலானேன். நாளிதழில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ என்று சிறு எழுத்தில் வரும் பகுதியை முதன்முறையாகக் கருத்தூன்றிப் படித்தேன். ஞாயிறு திருப்பலியின் முடிவில் வாசிக்கப்படும் பங்கு அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்டேன். பேருந்து நிறுத்தச் சுவரொட்டிகளைப் பார்த்தேன். எதிர்வீட்டாரைக் கேட்டேன். தாள் நிறைந்து விட்டது!

சித்திரையும் வைகாசியும் மதுரைக்குத் திருவிழாக் காலம். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணமும் தேரும் முடிந்து, முழுநிலா நாளில் கள்ளழகர் வைகையில் இறங்குவார். தனித்தனியே நடந்த இரு விழாக்களை ஒன்றாக இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பர். இதையொட்டி அரசின் சித்திரைப் பொருட்காட்சியும் நடைபெறும். அது பல்லாண்டுகள் தமுக்கம் திடலில் நடந்ததைப் பெரியவர்கள் அறிவர். வைகாசி விசாகத்தன்று பால்குடம் ஏந்தித் திருப்பரங்குன்றம் செல்வோர் எங்கள் தெரு முனையைக் கடந்துதான் நடப்பார்கள். எதிர்வீட்டார் அன்று மோர்ப்பந்தல் அமைப்பார்கள். எங்கள் வீட்டுக் குடங்களும் அங்குச் செல்லும். மே மாதம் மாதாவின் வணக்க மாதமும் ஆகையால், மாலைதோறும் செபமாலையும் ஊர்தோறும் தேர்ப்பவனியும் நமக்கு உண்டு. நாங்கள் தேர்ந்த சனி, ஞாயிறுகளில் பெருவிழா எதுவும் இல்லை. கூட்டமில்லாத நாளே எங்களுக்கு ஏற்றதாயிருந்தது.

சனிக்கிழமை வெயில் ஏறுமுன் விளாச்சேரிக்குப் புறப்பட்டோம். பசுமலைக்கு அண்மையிலுள்ள சிற்றூர் அது. மண்பாண்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் அங்கே பொம்மை செய்து வருகின்றன. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மைகள், கார்த்திகைக்கு அகல், கிறிஸ்துமசுக்குக் குடில் சுரூபங்கள் என்று ஆண்டு முழுவதும் அவர்களுக்கு வேலைதான். நம் இல்லங்களில் மார்கழியில் வைக்கும் மாதாவும் இடையர்களும் ஒட்டகங்களும் எங்கிருந்து வருகின்றன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

வாசலில் பிசைந்த களிமண்ணை அச்சில் அழுத்திக் கொண்டிருந்த மூதாட்டி எங்களை உட்காரச் சொன்னார். “கோடையிலே கண்மாய் வற்றினாத்தான் மண்ணு எடுக்க முடியும். இந்த வெயிலு ஊருக்கெல்லாம் கஷ்டம், எங்களுக்கு இதுதான் கூலி” என்றார். இரண்டு பாதி அச்சுகளில் மண்ணை அழுத்தி, அவற்றைப் பொருத்தி, விளிம்பை ஈரத் துணியால் தடவி, நிழலில் உலர்த்திய பின் வெயிலில் காயவைத்துச் சூளையில் சுடுவதை அவர் விளக்கினார். அதுவரை முகம் கொடுக்காதிருந்த என் மகன் மெல்ல அருகில் சென்று குந்தினான். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “சூசையப்பர் மட்டும் தனியாகக் கிடைக்குமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு அவனே ஒப்புக்கொண்டான். கடந்த கிறிஸ்துமஸ் முடிந்து குடிலைப் பிரித்தபோது சூசையப்பர் சுரூபம் அவன் கை தவறி விழுந்து உடைந்திருக்கிறது. அது அவன் அப்பத்தா தம் திருமணமான ஆண்டில் வாங்கியது. அஞ்சி, துண்டுகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தானாம். ஐந்து மாதம் அந்தச் சிறுவன் அதைத் தன் நெஞ்சில் சுமந்திருக்கிறான்! நான் வாய் திறக்குமுன் என் தாயார் அவன் தலையைத் தடவி, “மண்தானே ஐயா, உடையும். மறுபடி செய்வார்கள்” என்றார்.

குடில் சுரூபங்களின் காலம் அதுவன்று. எனினும் அம்மூதாட்டி உள்ளே சென்று, முந்திய ஆண்டில் மிஞ்சிய ஒரு சூசையப்பரைத் தேடிக் கொண்டுவந்தார். சுட்ட மண், வர்ணம் பூசப்படவில்லை. மகன் தன் சேமிப்பிலிருந்து விலை கொடுத்தான்.

தமிழைச் செம்மொழியென முழங்கிய பரிதிமாற் கலைஞர் 1870-இல் பிறந்ததும் அதே விளாச்சேரியில்தான். அவர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. அதைப் பார்த்தபோது, பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்த பெயர் நம் பக்கத்து ஊர்க்காரருடையதா என்று மகள் வியந்தாள்.

மாலையில் திருமலை நாயக்கர் மகாலுக்குச் சென்றோம். 1636-இல் எழுப்பப்பட்ட அரண்மனை இது; இன்று எஞ்சியிருப்பது அதன் ஒரு பகுதியே. சிதைந்து கிடந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். ஒரு தூணைச் சுற்றி எங்கள் குடும்பம் முழுவதும் கைகோத்து நின்றது பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. தத்துவ போதகர் 1606-இல் மதுரைக்கு வந்து, தமிழும் வடமொழியும் கற்று மறைபரப்பியதை நாம் அறிவோம். இம்மகால் எழுந்த நாள்களிலும் அவர் மதுரை மிஷனில் உழைத்து வந்தார் என்று சொன்னதும், மகன் தூண்களை மறுமுறை அண்ணாந்து பார்த்தான்.

இங்கே ஒலி-ஒளிக் காட்சி 1981-இல் தொடங்கப்பட்டது. சிறுவனாயிருந்தபோது என் தந்தையார் என்னை அதற்கு அழைத்துச் சென்றார். இருட்டில் தூண்கள் ஒவ்வொன்றாய்ச் சிவந்து எரிய, கண்ணகியின் குரல் மண்டபத்தில் அதிர்ந்தபோது நான் அவர் வேட்டியைப் பற்றிக் கொண்டேன். அதை மகாலின் படியில் அமர்ந்து பிள்ளைகளுக்குச் சொன்னேன். புதுப்பிப்புப் பணிகளால் இக்காட்சி இடையிடையே நிறுத்தப்படுவதுண்டு. செல்வோர் முன்னரே கேட்டறிவது நலம். திரும்பும் வழியில் ஆளுக்கொரு ஜிகர்தண்டா. தாயாருக்கு மட்டும் பனிக்கட்டி இல்லாத நன்னாரி சர்பத்து.

ஞாயிறு முதல் திருப்பலி கண்டு, எதிர்வீட்டாரோடு செலவைப் பங்கிட்டு அமர்த்திய வேனில் இராமேசுவரம் சாலையில் சென்றோம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் தூக்குவாளிகளில் இருந்தன. முதலில் கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் பன்னிரண்டு கிலோ மீட்டர் தொலைவில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கிடந்த மண்மேட்டில் 2015-இல் அகழாய்வு தொடங்கியது. அங்குக் கிடைத்த கரித்துண்டொன்றின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டது. செங்கற் கட்டடங்கள், உறைகிணறுகள், மணிகள், பகடைக்காய்கள், தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஆகியவை வெளிப்பட்டன. செட்டிநாட்டு வீடுகளின் சாயலில் அமைந்த அருங்காட்சியகம் 2023 மார்ச் மாதத்தில் திறக்கப்பட்டது.

பானையோட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகளைக் கண்டதும் என் தாயார், “இது பாண்டி விளையாடுகிற சில்லு அல்லவா?” என்றார். ஆம், அதுவேதான். எதிர்வீட்டுச் சிறுமி உடனே ஒற்றைக்காலில் குதித்துக் காட்டினாள். என் மகளோ வேறொரு பேழையின் முன் அசையாது நின்றாள். ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று ஆட்பெயர்கள் கீறிய ஓடுகள் அங்கே இருந்தன. விடுதிக்கென்று வாங்கிய எவர்சில்வர் தட்டிலும் தம்ளரிலும் முந்திய வாரந்தான் என் மனைவி கடைக்காரரிடம் மகளின் பெயரை வெட்டி வாங்கியிருந்தாள். ‘பட்டிக்காட்டு வழக்கம்’ என்று மகள் அப்போது சிணுங்கினாள். இப்போது தாயின் தோளில் சாய்ந்து, “இவர்களுக்கும் யாரோ பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அம்மா” என்றாள். என் மனைவி பதில் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டாள்.

பின்னர்த் திருப்புவனம், அரிவாளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சேத்தி எனச் சாலையோரம் நுங்கு வாங்கித் தின்று கொண்டே சென்று, உள்வழியில் திரும்பி இடைக்காட்டூரை அடைந்தோம். வயல்களுக்கு நடுவே கூரிய கோபுரங்களோடு நிற்கும் இயேசுவின் திருஇருதய ஆலயம் தொலைவிலேயே கண்ணைப் பறிக்கிறது. பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த செல் அடிகளார் 1894-இல் கட்டியது இது. பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய ரைம்ஸ் பேராலயத்தை மனத்திற்கொண்டு அமைத்தார் என்பர். அங்கே கல்லில் செதுக்கியதை இங்கே, நம் மண்ணை வகைவகையான அச்சுகளில் வார்த்துச் சுட்டு உருவாக்கினார்கள். வெளியே கத்திரி வெயில் கொளுத்த, உள்ளே இதமாக இருந்தது. மகன் சுவரின் வேலைப்பாட்டைத் தடவி, “இதுவும் அந்தப் பாட்டி செய்கிற மாதிரி அச்சுத்தானே, அப்பா?” என்றான். நான் சொல்ல வேண்டியதை அவனே சொல்லிவிட்டான்.

சிவகங்கைச் சீமையில் ஊர்மக்களே கூடி நடிக்கும் ‘பாஸ்கு’ என்னும் திருப்பாடுகளின் நாடகம் பழைய மரபு. இடைக்காட்டூரும் அதற்குப் பெயர்பெற்றது. தவக்காலம் தொடங்கியதும் அவ்வூர்ப் பங்கில் விசாரித்து வைத்தால், நாளறிந்து குடும்பத்தோடு செல்லலாம். ஆலய நிழலில் இரு வீட்டாரும் சோற்றைப் பகிர்ந்து உண்டோம். எதிர்வீட்டு அம்மையார் திருஇருதய சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றி, என் மகளின் படிப்புக்காக வேண்டிக் கொண்டதாகச் சொன்னார்.

இருட்டுமுன் வீடு திரும்பினோம். கொடைக்கானலுக்கு எண்ணியிருந்த தொகையில் ஒரு சிறு பகுதியே செலவாகியிருந்தது. இப்படிப் புறப்பட விரும்பும் குடும்பங்களுக்கு என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்வேன். மே மாதத்தில் பதினொரு மணிக்குள் வெளிவேலையை முடித்து, நண்பகலை நிழலில் கழித்து, மாலையில் மீண்டும் புறப்படுங்கள். அருங்காட்சியகங்களின் வார விடுமுறையை முன்கூட்டியே கேட்டறியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டா. முதியவர்களை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். நாம் படித்தறிவதை அவர்கள் பார்த்தறிந்திருப்பார்கள்.

அன்றிரவு மகன் உடைந்த துண்டுகளைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்து அப்பத்தாவின் மடியில் வைத்தான். புதிய சூசையப்பரை மேசைமேல் நிறுத்தி, வர்ணம் பூசப் போவது யார் என்று பேச்சு எழுந்தது. “யாரும் தொடக் கூடாது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து நான்தான் பூசுவேன்” என்றாள் மகள். தம்பி ஒத்துக்கொண்டான், ஆனால் தாடிக்கு மட்டும் தான் பூசுவதாக நிபந்தனை விதித்தான்.

ஜூனில் அவள் புறப்பட்டுச் சென்றாள். அந்தச் சுரூபம் செம்மண் நிறத்திலேயே டிசம்பர் வரை எங்கள் அலமாரியில் காத்திருந்தது.