அடுத்த வீட்டு டைகர்

கிள்ளான் நகரின் புறத்தே, ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளுள் ஒன்றில் நாம் குடியிருக்கிறோம். சென்ற தை மாதத்தில் நம் இளைய மகன், சந்தையோரத்துச் சாக்கடைப் பக்கம் கிடந்த நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வந்தான். தடுப்பூசி போட்டு, மணி என்று பெயரும் இட்டோம். குட்டி வந்த பத்தாம் நாளே அடுத்த வீட்டு வழக்கும் வந்து சேர்ந்தது.

அவ்வீட்டில் டைகர் என்னும் செந்நிறப் பெருநாய் உண்டு. பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கும். இரவு எட்டு மணிக்கு வீட்டுக்காரர் வேலையினின்று திரும்பியதும் அவிழ்த்துத் தெருவில் விடுவார். விட்டதும் அது செய்யும் முதற்காரியம், நம் வாயிலுக்குப் பாய்ந்து வந்து, கம்பிக்கதவின் இடுக்கில் மூக்கை நுழைத்து மணியைத் தேடுவதே. முதல் முறை குட்டி தப்பிற்று. இரண்டாம் முறை வலக்காது கிழிந்தது. மிருக வைத்தியர் இரண்டு தையல் போட்டு 90 வெள்ளி வாங்கினார். எதிர்வீட்டுப் பாட்டியாரோ, எல்லாம் கண்ணேறு என்று சொல்லி, குட்டியின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டச் சொன்னார். கதவின் இடுக்கை அடைக்கக் கயிறு உதவுமாயின் கட்டியிருப்போம்!

அண்டை வீட்டாரிடம் முறையிட்டோம். "நாயென்றால் அப்படித்தான் இருக்கும் அண்ணே, உங்கள் குட்டியை உள்ளே வையுங்கள்" என்றார். நமக்குச் சினம் மூண்டது. அன்றிரவே உள்ளாட்சி மன்றத்திற்குப் புகார்க் கடிதம் எழுதினோம். டைகருக்கு உரிமம் இல்லையென்பதை அறிவோமாதலின் அதையும் மறவாது சேர்த்தோம்.

எழுதினோமே தவிர அஞ்சலில் சேர்க்கக் கை எழவில்லை. உரிமமில்லாத நாயைப் பிடித்துச் சென்றால் அதன் முடிவு பெரும்பாலும் என்னவென்று யாருக்குத் தெரியாது? 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய் நோய் தலைகாட்டியபோது பினாங்கில் தெருநாய்களுக்கு நேர்ந்ததை நாடறியும். 2017இல் அந்நோய் சரவாக்கில் தோன்றி மனித உயிர்களையும் குடித்தது; ஆகவே நாய்க்கடியை அற்பமென்று தள்ளவும் இயலாது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. நம் துணைவியார் மூச்சிரைப்பால் துடித்த ஒரு நள்ளிரவில், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்து, தம் லாரியில் ஏற்றி மருத்துவமனை சேர்த்தவர் இதே அண்டை வீட்டார்தாம். கடிதம் மூன்று நாள் சட்டைப் பையிலேயே கிடந்தது.

அம்மூன்று நாளும் நமக்கு விடுமுறை. பகல் முழுதும் வீட்டிலிருந்தமையால், அதுவரை காணாதவற்றைக் கண்டோம். சங்கிலியின் நீளம் மூன்று முழம். நண்பகலுக்குமேல் நிழல் நகர்ந்துவிடும். நாய் நகர முடியாது. தண்ணீர்த் தகரம் கவிழ்ந்து கிடக்கும். அதன் கண்ணெதிரே, சுவருக்கு இப்பால், மணி கட்டின்றித் திரிகிறது. நம் மகன் பந்தடிப்பதும் அச்சுவரின்மேல்தான். பந்து படுந்தோறும் டைகர் பாய்ந்து, கழுத்து நெரிபட்டு விழுந்தது. நாள் முழுதும் இங்கே மூட்டிய தீதான் இரவு எட்டு மணிக்கு நம் வாயிலில் வந்து எரிந்தது. இதை நாம் கடிதத்தில் எழுதவில்லை.

நாம் பிறந்தது கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். அங்கே லயத்து நாய்களுக்குச் சங்கிலி கிடையாது. விடியுமுன் பெரட்டுக்குப் போவோரின் பின்னே ஓடும். புதுக்குட்டி ஒன்று எல்லை மீறினால் கிழநாய் ஓர் உறுமல் உறுமும்; குட்டி மல்லாந்து வயிற்றைக் காட்டும்; வழக்கு அவ்வளவில் தீர்ந்துவிடும். டைகரோ உறுமுவதில்லை. உடல் விறைத்து, இமையாது நோக்கி, ஓசையின்றிப் பாய்கிறது. உறுமும் நாயினும் இத்தகைய நாயே அஞ்சத்தக்கது.

ஞாயிறன்று மறுபடியும் சென்றோம். இம்முறை நம் வீட்டுப் பந்தைப்பற்றி முதலில் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "இது அப்பாவின் நாய் அண்ணே. காலையும் மாலையும் அவர்தாம் திடலுக்கு நடத்திப் போவார். அவர் போனபிறகு கட்டியது, கட்டியபடியே இருக்கிறது. நான் ஐந்து மணிக்குப் போனால் இருட்டித்தான் வருகிறேன்" என்றார். அம்முதியவரின் இறுதிச் சடங்கில் நாமும் நின்றோம். நாயை யார் நடத்துவாரென்று அன்று நாமும் கேட்கவில்லை.

நம் கதவின் அடிப்பாகத்தில் இருவரும் சேர்ந்து தகரம் அடித்தோம். வைத்தியர் கூலியில் பாதியை அவர் வற்புறுத்திக் கொடுத்தார். பகலில் தண்ணீர் வைப்பதும் நாயை நிழலுக்கு மாற்றிக் கட்டுவதும் நம் பொறுப்பாயின. நம் மகனின் பந்து திடலுக்குப் போயிற்று. டைகரைத் தெருவில் அவிழ்த்து விடும் வழக்கமும் நின்றது. இப்போது இரவுதோறும் அவர் டைகரையும் நாம் மணியையும் கயிற்றில் பிடித்து, திடலில் ஒரே திசையில் நடக்கிறோம். முதல் வாரம் ஐம்பது அடி இடைவெளி, இப்போது இருபது. அதற்குள் நெருங்கினால் டைகரின் உடல் விறைக்கிறது, உடனே விலகிக்கொள்கிறோம்.

உரிமம் எடுக்க வரும் வெள்ளிக்கிழமை விடுப்புக் கேட்டிருப்பதாக நேற்று நடக்கையில் சொன்னார். நாம் எழுதிய கடிதத்தைப்பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அது மேசை இழுப்பறையில் இருக்கிறது.