வாய் வச்சுக் குடிக்க ஒரு டம்ளர்

எங்க வீட்டு அலமாரியில இருக்கிற பாத்திரங்களை எடுத்துப் பார்த்தா, பாதிக்கு மேல எங்க பேரு இருக்காது. தென்காசிப் பக்கம் எவர்சில்வர் சாமான் வாங்கினா கடையிலேயே பேரு வெட்டிக் குடுப்பாங்க. கல்யாணம், சடங்கு, பால்காய்ப்புன்னு செய்முறை செய்றவங்க தங்க பேரையும் தேதியையும் வெட்டிக் குடுப்பாங்க. அப்படி வந்தது எங்க வீட்டுல நாலஞ்சு உண்டு. மிச்சமெல்லாம் அம்மா வேலை செஞ்ச வீடுகள்ல நெளிஞ்சு போச்சு, ஓட்டை விழுந்துட்டுன்னு கழிச்சுக் குடுத்தது. அதுல அவங்க பேரு. ஒரு தூக்குச்சட்டியில சாதிப் பேரோடயே வெட்டியிருக்கும். அந்தத் தூக்குச்சட்டியிலதான் நான் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டு போனேன்.

தலித் வீடுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நிலத்தையும் கூலியையும் கோயில் தேரையும் பற்றி எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். அடுப்படி அலமாரியையும் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம். யார் வாங்கியது, யார் கொடுத்தது, யார் எதில் குடித்தார்கள் என்ற கணக்கு முழுவதும் அங்கே இருக்கிறது.

அம்மாவுக்குப் போன வருசம் சாரல் நேரத்துல பல் ஆபரேசன். கீழ்த்தாடைக் கடைசிப் பல்லு. வேரு எலும்புக்குள்ள கொக்கி மாதிரி வளைஞ்சு கிடந்துச்சு. ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் ராவி, பல்லை ரெண்டாப் பிளந்து எடுத்தாங்க. மூணு தையல். அந்த நேரத்துல வீடு நெறைய ஆளு. ஆனி ஆடியில குற்றாலத்துல தண்ணி விழுந்தா, தென்காசியில உள்ள வீடுகள்ல சொந்தக்காரங்க வந்து விழுவாங்க. மதுரையில இருந்து சித்தி வீட்டுக்காரங்க ஏழு பேரு வந்திருந்தாங்க. ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்குமா அவங்க போய்வர, அம்மா ஒரு பக்கம் வீங்கின மூஞ்சியோட மூலையில உக்காந்திருந்தது.

டாக்டர் சொன்னது இதுதான். பஞ்சை முக்கால் மணி நேரம் கடிச்சிருக்கணும். ஒரு நாள் முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. பல்லு எடுத்த குழியில ரத்தம் உறைஞ்சு கட்டியாகி நிக்கும், அதுதான் புண்ணுக்கு மூடி. உறிஞ்சினா அது பிடுங்கிட்டு வந்துரும், எலும்பு வெளிய தெரியும், வலி தாங்க முடியாது. மறுநாள்ல இருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில மெதுவாக் கொப்பளிக்கணும். சூடு கூடாது, காரம் கூடாது, போயிலை கூடவே கூடாது. அருவிப் பக்கமும் இப்போதைக்குப் போக வேண்டாம். பீடித்தட்டை மடியில வச்சு நாள் பூரா போயிலைத் தூளை மோந்துகிட்டு, வெத்தலையோட அதையே அதக்கிற பொம்பளைகிட்ட போயிலை கூடாதுன்னா என்ன செய்யும். ஆனாலும் அம்மா கேட்டுகிட்டது.

கஷ்டம் வந்தது தண்ணி குடிக்கிறதுலதான். தாடை இறுகி, வாயை ஒரு விரல் அளவுக்கு மேல தெறக்க முடியலை. அம்மா செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊத்தும், தண்ணியெல்லாம் கழுத்துல போகும், சேலை நனைஞ்சிரும். வாய் வச்சு மெதுவாக் குடிங்கன்னு சொன்னா, செம்பை உதட்டுகிட்ட கொண்டு போயிட்டு நிறுத்திரும். பிள்ளைங்க குடிக்கிற பாத்திரமாம்.

“பழக்கமில்லட்டி. எனக்கு என்னமோ மாதிரி வருது.”

அறுபத்தெட்டு வயசுல ஒரு மனுசிக்கு டம்ளரில் வாய் வைப்பது பழக்கமில்லை. இதை நான் அன்றைக்குத்தான் யோசித்தேன். சின்ன வயசில் வயல் வேலைக்குப் போன இடத்தில் மேலே நின்று ஊற்றுவார்கள். இவர்கள் குனிந்து கையைக் குவித்துக் குடிக்க வேண்டும். டீக்கடையில் சிரட்டை, பிறகு தனி கிளாஸ். அதை நாமே கழுவி வைத்துவிட்டு வர வேண்டும். அதற்கப்புறம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சீசன் வேலை. அறை பெருக்குவது, கண்ணாடி டம்ளர் கழுவி மேசையில் கவிழ்த்து வைப்பது. “நாளைக்கு நூறு டம்ளர் கழுவுவேன். எவன் எவனோ வாய் வச்சுக் குடிப்பான். நான் பொறவாசல் கொழாயில கையேந்திக் குடிப்பேன்”னு அம்மா சிரிச்சுகிட்டுச் சொல்லும். விடியக்காலம் வேலைக்குப் போற வழியில பேரருவியில நிக்குமாம். “அங்க மட்டுந்தான் மேல இருந்து விழுந்தாலும் எவனும் ஊத்துனதில்ல.”

அண்ணாந்து குடிப்பது சுத்தம் என்கிறார்கள். எல்லாச் சாதியிலும் அந்தப் பழக்கம் உண்டு, எங்கள் தெருவிலும் உண்டு. ஆனால் எச்சில் என்ற சொல் எல்லாருக்கும் ஒரே கனமாக இருந்ததில்லை. அவர்கள் தங்கள் வாய் படாமல் குடித்தது தங்கள் ஆசாரத்துக்காக. எங்கள் வாய் படாமல் குடிக்க வைத்ததும் அவர்கள் ஆசாரத்துக்காகத்தான். 1927 மார்ச் 20இல் மகத் நகரத்துச் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். அதுவும் கைதான். அள்ளுகிற கை வேறு, ஏந்துகிற கை வேறு.

மூணாம் நாள் நான் கடைக்குப் போனேன். அம்மா வரலை, பட்டியல் மட்டும் சொன்னது. உப்புத் தண்ணி வெதுவெதுப்பா இருக்க ஒரு பிளாஸ்க். அரிப்பு ஒண்ணு. மிக்ஸிக்கு பிளேடு. அது அரசாங்க மிக்ஸி. 2011 செப்டம்பர்ல ஜெயலலிதா ஆரம்பிச்சு வச்ச விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்துல வந்தது. அம்மிதான் ருசின்னு அம்மா அதைத் துணி போட்டு மூடியே வச்சிருந்தது. இப்போ பொங்கின சோத்தையும் பருப்பையும் அதுலதான் அடிச்சுக் கஞ்சியாக்கினோம். வீக்கத்துக்கு வைக்க, பக்கத்து வீட்டு பிரிட்ஜ்ல தண்ணிப் பாக்கெட்டை உறைய வச்சு வாங்கினோம். டாக்டர் சூப்பு குடிக்கச் சொன்னாருன்னு மதினி மாட்டெலும்பை வேக வச்சு, வடிகட்டி, ஆற வச்சுக் கொண்டு வந்தது. எந்தச் சூப்புன்னு டாக்டரும் சொல்லலை, நாங்களும் கேக்கலை. அம்மாவுக்குத் தெம்பு வந்தது அதுலதான்.

பட்டியல்ல இல்லாத ஒண்ணை நான் வாங்கினேன். ஒரு டம்ளர். விளிம்பு மடிச்சு உருட்டினது, உதட்டுல குத்தாதது. நிறுத்து விலை போட்டாங்க. பேரு வெட்டணுமான்னு கேட்டாங்க. அம்மா பேரைச் சொன்னேன். வீட்டுக்காரர் பேரு வேண்டாமான்னு கேட்டாங்க. வேண்டாம்னேன். மிசின் கிறுகிறுன்னு ஓடி முடிச்சது. எழுத்து கொஞ்சம் கோணல்.

கடைக்குப் போய்க் காசைக் கொடுத்து வேண்டியதை வாங்கி வருவது சின்ன விசயம் என்று நினைக்கலாம். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இந்த இரண்டையும் பெயர் சொல்லிப் பேசுகிறது. உணவுக்கடைகளில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம். தீண்டாமையின் பேரால் பொருள் விற்க மறுப்பது குற்றம். அது 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. அதற்கெல்லாம் பிறகு, 2022 செப்டம்பரில், இதே தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாங்குளத்தில், தின்பண்டம் வாங்கப் போன பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஊர்க்கட்டுப்பாடு வந்திருக்கிறது, உங்கள் தெருவுக்குக் கொடுக்க முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். படம் பரவியது. கடைக்கு சீல் வைத்தார்கள், கைது செய்தார்கள். ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாதென்று நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் கடை வாசலில் நின்ற அந்தப் பிள்ளைகள் இன்னும் எத்தனை வருசம் எந்தக் கடைக்கும் போகும்போது ஒரு நொடி தயங்குவார்கள் என்பதை எந்த உத்தரவிலும் எழுத முடியாது. அம்மா செம்பை உதட்டருகே நிறுத்தியதும் அந்தத் தயக்கந்தான். அறுபது வருசத்துத் தயக்கம்.

டம்ளரை அம்மா வாங்கித் தடவிப் பார்த்தது. பேரை விரலால எழுத்துக் கூட்டினது. அதுல ஊத்தின தண்ணியை வாய் வச்சு, கொஞ்சங் கொஞ்சமா, காக்கா குடிக்கிற மாதிரி குடிச்சது. ஒரு வாரத்துல தையல் எடுத்தாச்சு, வாய் தெறந்தாச்சு. டம்ளரை மட்டும் விடலை. சித்தி பிள்ளை ஒருநாள் தெரியாம அதை எடுத்துட்டான்னு ஒரு சண்டையே நடந்தது.

அந்த மாசக் கடைசியில திருநெல்வேலியில இருந்து ஒரு கூட்டத்துக்கு வந்த தோழர்கள் வீட்டுக்கு வந்தாங்க. எங்க சாதி இல்லாதவங்களும் உண்டு. ரொம்ப வருசமா எங்களோட நிக்கிறவங்க. அம்மா பெருமையா அந்த டம்ளரையும் கழுவி, மத்த டம்ளர்களோட தண்ணி கொண்டு வந்து வச்சது. ஒரு தோழி அதை எடுத்து, பேசிகிட்டே, தலையை அண்ணாந்து ஒரு சொட்டு சிந்தாம ஊத்திக் குடிச்சுட்டு வச்சாங்க. அவங்க மனசுல ஒண்ணும் இல்லை, எனக்குத் தெரியும். பழக்கம். எங்க வீட்டுல பழக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்குங்கிறது அவங்களுக்குத் தோணலை, அவ்வளவுதான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா காலி டம்ளர்களை எடுத்துகிட்டு உள்ள வந்து, எங்கிட்ட மெதுவாச் சொன்னது:

“நல்லா அண்ணாக்குதாளே. அந்தப் பிள்ளைக்குப் பல்லு சுகமாத்தான் இருக்கும் போல.”