பழியை வாங்கிக்கொள்ள ஆளில்லை

கென்னத் லோனர்கன் என்ற பெயர் நம்மில் பலருக்கும் 'மான்செஸ்டர் பை த சீ' மூலம்தான் பழக்கம். 2016இல் வந்து, அசல் திரைக்கதைக்கும் நடிகருக்கும் ஆஸ்கர் வாங்கிய படம். அதன் நாயகன் தன் குற்றத்தை வாய் திறக்காமல் சுமப்பவன். அவன்மேல் இரக்கப்படுவது சுலபம். அதே லோனர்கன் அதற்கு முன் எடுத்த 'மார்கரெட்' படத்தின் நாயகிமேல் இரக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது. எரிச்சல்தான் வரும். எனக்கு அதுதான் பெரிய படமாகத் தெரிகிறது.

லிசாவுக்கு 17 வயது. நியூயார்க்கின் அப்பர் வெஸ்ட் சைடில் அம்மாவோடும் தம்பியோடும் இருக்கிறாள். அப்பாவோடு ஒரு பண்ணைக்குப் போவதாக இருப்பதால், கௌபாய் தொப்பி தேடிக் கடைகடையாக அலைகிறாள். ஒரு பஸ் டிரைவர் அந்த மாதிரித் தொப்பி போட்டிருப்பது கண்ணில் படுகிறது. எங்கே வாங்கினது என்று கேட்க, ஓடுகிற பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே கையை ஆட்டிக்கொண்டு ஓடுகிறாள். டிரைவரின் பார்வை அவள்மேல் போகிறது. சிவப்பு விளக்கைத் தாண்டிய பஸ், ரோட்டைக் கடந்துகொண்டிருந்த மோனிகா என்ற பெண்மேல் ஏறிவிடுகிறது. கால் துண்டாகிக் கிடக்கும் அந்த அம்மாள் லிசாவின் கையிலேயே உயிரை விடுகிறாள். என் மகளைக் கூப்பிடுங்கள், லிசாவைக் கூப்பிடுங்கள் என்கிறாள். என் பேரும் லிசாதான் என்கிறாள் இவள். அந்த இன்னொரு லிசா ரத்தப் புற்றுநோயில் 12 வயதிலேயே போய்விட்டவள் என்பது நமக்குப் பிறகுதான் தெரியவரும்.

போலீஸ் விசாரிக்கிறது. டிரைவரும் அவளும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துக்கொள்கிறார்கள். பச்சைதான் எரிந்தது என்று சொல்லிவிடுகிறாள்.

மிச்சப் படம் முழுக்க அந்தப் பொய் அவளைப் படுத்துகிற பாடு. ஆனால் சினிமாவில் நாம் பார்த்துப் பழகிய குற்ற உணர்ச்சி மாதிரி அவள் மூலையில் உட்கார்ந்து அழுவதில்லை. சண்டை போடுகிறாள். நாடக நடிகையான அம்மாவோடு, வகுப்பில் செப்டம்பர் 11 தாக்குதலைப் பற்றிப் பேசும் சக மாணவியோடு, யாரோடு வேண்டுமானாலும். யார்மேலாவது இதை இறக்கி வைத்தாக வேண்டும். புரூக்ளினில் இருக்கும் டிரைவரின் வீட்டுக்கே போய் நிற்கிறாள். 'ஆமாம், நம் இரண்டு பேரின் தப்புதான்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்குப் போதும். அவருக்கோ குடும்பம் இருக்கிறது, வேலை இருக்கிறது; தன்மேல் தப்பே இல்லை என்கிறார். டிரைவராக நடிக்கும் மார்க் ரஃபலோ அந்தக் காட்சியில் வில்லன் ஆகவில்லை. பயந்துபோன ஒரு சம்பளக்காரர், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அவள் வாக்குமூலத்தை மாற்றுகிறாள், வழக்குப் போட ஆள் தேடுகிறாள். அதில் எவ்வளவு நியாய உணர்வு, எவ்வளவு கோபம் என்று அவளுக்கே தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் மோனிகாவின் தோழி எமிலியோடு நடப்பது. ஜீனி பெர்லின் அந்தப் பாத்திரத்தில் ஈரமே இல்லாத மாதிரி பேசுவார். அந்தக் கடைசி நிமிஷங்களில் ஏதோ ஒரு விதத்தில் நானே அந்த மகளாக இருந்தேன் என்கிற மாதிரி லிசா நெகிழ்ந்து ஏதோ சொல்லப்போக, எமிலி வெடித்துவிடுகிறாள். செத்தவள் என் சிநேகிதி. உன் வாழ்க்கை நாடகத்தில் வந்துபோகும் துணைப் பாத்திரம் இல்லை என்கிறாள். சாவைக் கண்ணால் பார்த்தவளுக்கும் அந்தச் சாவில் ஓரளவுக்கு மேல் பாத்தியதை கிடையாது. எமிலி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும், லிசாவாக நடிக்கும் அன்னா பேக்வினின் முகத்தைப் பார்த்தால் சரி என்று சொல்ல நமக்கு வாய் வராது.

படத்தின் கதி தனிக் கதை. 2005இல் எடுத்து முடித்தார்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்; லோனர்கனால் வெட்ட முடியவில்லை. தயாரிப்பாளரும் ஸ்டுடியோவும் கோர்ட்டுக்குப் போனார்கள். தயாரித்தவர்களில் சிட்னி பொல்லாக்கும் அந்தோணி மிங்கெல்லாவும் 2008இல் இறந்துபோனார்கள். மார்ட்டின் ஸ்கார்செஸியும் அவருடைய எடிட்டர் தெல்மா ஷூன்மேக்கரும்கூட ஒரு வடிவம் வெட்டிப் பார்த்தார்கள். கடைசியில் 2011இல், விரல்விட்டு எண்ணக்கூடிய தியேட்டர்களில், 150 நிமிஷப் படமாக வந்து போனது. விமர்சகர்கள் சிலர் கூச்சல் போட்டிராவிட்டால் அதோடு சரி. 186 நிமிஷ வடிவம் 2012இல் டிஸ்க்கில் வெளியானது. வக்கீல்கள் எதைத் தீர்க்க முடியும், எதை முடியாது என்பதைப் பற்றிய படத்துக்கு இப்படி நேர்ந்ததை லோனர்கனே எழுதியிருந்தால் மிகை என்றிருப்போம்.

படத்துக்குள் லிசா போட வைத்த வழக்கு என்ன ஆனது? சமரசம். 3,50,000 டாலர். அதுவும், செத்தவளோடு அதிக ஒட்டுறவு இல்லாத, அரிசோனாவில் இருக்கும் உறவுக்காரப் பெண்ணுக்கு. டிரைவரின் வேலைக்கு ஆபத்தில்லை. வக்கீலைப் பொறுத்தவரை இது வெற்றி. லிசா மட்டும் வக்கீலின் அறையில் கத்துகிறாள். தப்பு நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லையே என்பதுதான் அவள் ஆத்திரம். பணத்துக்கு ரசீது உண்டு. அவள் கொண்டுவந்ததை வாங்கிக்கொள்ள அந்த அறையில் ஆளில்லை.

அக்காவோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். பாதிப் படம் வரைக்கும், "இந்தப் பொண்ணுக்கு ரெண்டு அறை விட்டா எல்லாம் சரியாயிடும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், "அந்த டிரைவருக்குக் குடும்பம் இருக்கு. இவளுக்கு என்ன போச்சு?" என்றாள்.

"லிசாவோட அம்மா சொல்றதும் அதேதான் அக்கா. வேலை போயிடுமேன்னு."

"அப்ப உண்மையைச் சொல்லி மட்டும் என்னத்தைக் கிழிச்சா?"

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. "மூணு மணி நேரம் ஓடறது ஒண்ணு இருக்குன்னியே, அதைப் போடு. அந்த எமிலி இன்னும் ஏதாவது திட்டறாளான்னு பார்ப்போம்."