மூணு நூல் சேதாரம்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பு. வேலியோரம் நின்ற வாகை காற்றில் சாய்ந்து கிடக்கிறது. அடிமரம் ஐந்தடிச் சுற்றளவு. நடுவில் வாய்க்கால், அதைக் கடக்க ஒற்றையடிப் பாலம். லாரியும் வராது, கிரேனும் வராது. விறகுக்குக் கேட்டவர்கள் சொன்ன விலையில் தோப்புக்காரருக்கு மனசு ஆறவில்லை. கிடக்கிற இடத்திலேயே பலகை போட்டுவிடலாம் என்று மரம் அறுக்கும் மேஸ்திரியை வரவழைத்துவிட்டார். தொழில் கற்க வேண்டும் என்று நான் நச்சரித்து வந்ததால், “கையாளா நிக்கிறதுன்னா வாங்க தம்பி” என்று மேஸ்திரி என்னையும் சேர்த்துக்கொண்டார்.

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளைத் துண்டு போட்டுத்தான் அவர் மெஷின் வாள் பழகியது. ஆனால் துண்டு போடுவது வேறு, நீளவாக்கில் அறுப்பது வேறு. நீள அறுப்பில் எஞ்சின் முழு வேகத்தில் விடாமல் ஓட வேண்டும். சின்ன மெஷின் தாங்காது. இங்கே இருப்பது 70 சிசிக்கு மேல். செயினும் அப்படித்தான். குறுக்கே வெட்டும் செயினில் பல்லின் சாய்வு வழக்கமாக 30 டிகிரி. இதை 10 டிகிரிக்கு அராவி வைத்திருக்கிறார்.

முதல் அறுப்புக்கே காலை முழுக்கப் போய்விட்டது. கட்டையை இரண்டு தென்னந்துண்டுகள் மேல் ஏற்றி, ஒரு முனையைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தோம். சரிவில் வாள் தானாக முன்னேறும், தள்ளுகிறவர் இடுப்பு பிழைக்கும். பட்டையைச் சீவி, ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். “ரோட்டோர மரம்னா தொடவே மாட்டேன். விளம்பரத் தட்டி ஆணி நூறு கெடக்கும்.” பிறகு இரண்டு சதுரக் குழாய்களை ஏணிபோல் பற்றவைத்த சட்டத்தைக் கட்டை மேல் திருகாணியால் முடுக்கினார். இரு முனையிலும் ரசமட்டம் ஒன்றுபோல் காட்ட வேண்டும். ஒரு முனை சாய்ந்தாலும் எல்லாப் பலகையும் முறுக்கிக்கொண்டுதான் வரும். திருகாணியின் முனைக்குக் கீழேதான் செயின் ஓடுகிறதா என்பதை டேப் வைத்து இரண்டு தரம் அளந்த பிறகே மெஷினைத் தொட்டார்.

வாளின் நாக்கைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கூடு அந்த ஏணி மேல் நகர்கிறது. அறுத்த வழியில் ஆப்பு செருகுவது என் வேலை; இல்லையென்றால் மேல்பாரம் அமுங்கி வாளைக் கவ்விவிடும். கண் தூளின் மேலேயே இருக்க வேண்டும். தேங்காய்த் துருவல் மாதிரி விழுந்தால் பல்லில் கூர் இருக்கிறது. மாவாகக் கொட்டினால் நிறுத்து, அரத்தை எடு. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் ஓட வேண்டும். ஒரு பக்கம் கூடினால் வாள் நேராக ஓடாது. வாகைத் தூளுக்குத் தும்மல் நிச்சயம், மூக்கில் துண்டு கட்டினால் போதாது, நல்ல முகக்கவசம் வேண்டும். காதுக்கும் அடைப்பான்.

மேல் சிலாம்பு கழன்றதும் கரும்பழுப்பு வைரம் தெரிந்தது. தோப்புக்காரர் குனிந்து தடவிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு ஏணி வேண்டாம். அறுத்த முகத்தின் மேலேயே கூடு ஓடுகிறது. ஒண்ணேகால் அங்குலப் பலகைகள், மளமளவென்று.

சேதாரம்தான் இடிக்கிறது. பட்டை வாள் மில்லில் ஒரு வெட்டுக்கு ஒரு நூல்கூடப் போகாது. இதில் மூணு நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்). எட்டுப் பலகைக்கு நடுவே ஏழு வெட்டு, அதாவது இரண்டரை அங்குலத்துக்கு மேல் மரம் தூளாகிறது. பெட்ரோல், செயின், ஆள்கூலி தனி.

அறுத்ததை அப்படியே தச்சரிடம் கொடுக்கவும் முடியாது. முனைகளில் பெயின்ட் பூசி, இடையிடையே குச்சி வைத்து, நிழலில் அடுக்கிப் பாரம் ஏற்ற வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுவான கணக்கு.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துச் சொல்கிறேன்: லாரி போகிற இடத்தில் மரம் கிடந்தால் மில்லுக்கே ஏற்றிவிடுங்கள். போகாத இடமென்றால் மட்டும் இந்த வாளைக் கூப்பிடுங்கள், அதுவும் கூட ஓர் ஆள் இல்லாமல் வேண்டாம்.